மழுங்கல் உருளை

ஜூன் 9

டிராக்டர் வாங்கிய நாளிலிருந்து இந்த டைரியை எழுதுகிறேன். யார் காடு, எந்தக் கலப்பை, எத்தனை மணி நேரம் என்பதோடு சரி. இருபத்தோரு வருஷத்தில் வீட்டு விஷயம் ஒன்றுகூட எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

துளசிமணி தன் காட்டை உழக் கூடாது என்கிறாள்.

ரோட்டோரம் இருக்கும் ஒன்றேகால் ஏக்கர் அது. அவளுடைய அப்பா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நான்தான் உழுகிறேன். போன வாரம் மூன்று நாள் விவசாயப் பயிற்சி என்று பஸ் ஏறிப் போனாள். வெண்டைக்காய் வற்றல் போடச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நோட்டும் கையுமாகத் திரும்பி வந்திருக்கிறாள்.

முதலில் சணப்பை என்கிற பசுந்தாள் செடியை விதைக்க வேண்டுமாம். ஆள் உயரம் வளர்ந்து பூவெடுத்ததும் ஓர் இரும்பு உருளையை ஓட்டி அதைச் சாய்த்துவிட வேண்டுமாம். சாய்ந்த சணப்பை காய்ந்து நிலத்துக்குப் போர்வையாகக் கிடக்குமாம். அதைத் துளைத்து மக்காச்சோளம் ஊன்றினால் களையும் வராதாம், ஈரமும் போகாதாம். சணப்பையை மடக்கி உழுவது எனக்குத் தெரியாதா, முப்பது வீட்டுக் காட்டில் அதைத்தானே செய்கிறேன் என்றேன். மடக்கி உழுவது வேறு, இது மண்ணையே கிளறாமல் செய்வது என்றாள்.

உழவு ஓட்டுகிறவன் வீட்டுக் காடு உழாமல் கிடந்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்டேன். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஒரே ஒரு வெள்ளாமை எனக்கு உடுங்க. நல்லா வரலீன்னா அடுத்த பட்டத்துக்கு நீங்களே கலப்பையப் போட்டுக்கோங்க. அப்பறம் இந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்."

ஒத்துக்கொண்டேன். ஒரு வெள்ளாமைதானே.

ஜூன் 13

நேற்று நல்ல மழை. இன்று சணப்பையை, போன பட்டத்துத் தட்டை நிற்கும் காட்டில் அப்படியே வீசிவிட்டு, விதை மூடுவதற்கு மேலே முள் கட்டு ஒன்றை இழுத்தாள். அவள் விதைப்பு அவ்வளவுதான்.

டீக்கடையில் வெள்ளியங்கிரி பிடித்துக்கொண்டான். அவன் காடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். "டாக்டரூட்டுக் கொழந்தைக்கே மருந்து இல்லியாட்ட இருக்குதுங் மாமா" என்றான். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீசல் விலை ஏறிவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஜூலை 2

வெள்ளியங்கிரி காடு. சட்டிக் கலப்பை. ஐந்து மணி நேரம்.

சணப்பை முழங்கால் உயரம். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதற்கென்ன, சணப்பை எங்கே போட்டாலும் வரும்.

ஜூலை 14

தாராபுரத்தில் ரபீக் பாய் பட்டறைக்குப் போய் உருளையைக் கொண்டுவந்தோம். என் கலப்பை வேலை எல்லாம் பதினெட்டு வருஷமாக பாயிடம்தான். பழைய போர்வெல் குழாய் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் மூடி, சுற்றிலும் பட்டை பட்டையாக ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். வேலை சுத்தம்.

பாய் ஒவ்வொன்றையும் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். எனக்கென்ன தெரியும், அம்மிணியைக் கேளுங்கள் என்றேன். அவள் நோட்டைப் பிரித்துவைத்து அளவு, சாய்வு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டீக்குப் போய்விட்டேன்.

டிரெய்லரில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினோம். அவள் அதை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்தாள். எங்கள் மகள் சிந்து பிறந்து தொட்டிலில் கிடந்தபோது இப்படித்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பாள்.

ஜூலை 20

பக்கத்து வீட்டு ராமாத்தாளும் இன்னும் இரண்டு பெண்களும் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துளசி ஒரு சணப்பைச் செடியை வேரோடு பிடுங்கிவந்து அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் டிராக்டருக்கு அடியில் படுத்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். நான் இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஆணிவேர் ஒரு சாண் நேராக இறங்கிவிட்டு அப்படியே பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தது. "இருவது வருசமா ஒரே ஆழத்துல உழுதுட்டே இருந்தா, கலப்பை நிக்கற எடத்துல மண்ணு தளம் போட்ட மாதர ஆயிப் போகுதாமா. வேரு முட்டிப் பாத்துட்டுத் திரும்பிருச்சு பாரு" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை. பயிற்சியில் கேட்டதைச் சொன்னாள். ராமாத்தாள் மட்டும் திரும்பி டிராக்டரைப் பார்த்தாள்.

ஜூலை 21

கொக்கிக் கலப்பையின் கொழு இறங்கும் ஆழத்தை அளந்தேன். ஒரு சாண், இரண்டு விரல். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 27

துளசி சிந்துவைப் பார்க்கத் திருப்பூர் போயிருக்கிறாள். நாளை வருவாள். எனக்கு இன்று உழவு இல்லை. மாட்டுக்கொட்டகையில் ஓடு மாற்றினேன். மோட்டாருக்கு பெல்ட் போட்டேன். கொழுக்கள் அத்தனையையும் சாணை பிடிக்கும் கிரைண்டரில் தீட்டினேன். அவள் உருளையும் பக்கத்தில்தான் கிடந்தது. பட்டையெல்லாம் மழுங்கலாக இருந்தது. அதற்கும் கூர் வைத்துவிட்டேன். என் வாசலில் மழுங்கின இரும்பு கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

சாயங்காலம் தலைவலி. ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9

இன்று உருளை ஓட்டினோம்.

சணப்பை என் தலைக்கு மேல் நின்றது. காடு முழுக்க மஞ்சள் பூ. ஆடிக் காற்று ஓயவில்லை. டிராக்டரை உள்ளே விட மனசு வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். துளசி பின்னாலேயே நடந்து வந்தாள். உருளை ஏறி இறங்க ஏறி இறங்க, கோரைப்பாய் விரித்ததுபோல் சணப்பை ஒரே திசையில் படுத்துக்கொண்டே வந்தது. பச்சை வாடை மூக்கை அடைத்தது. திரும்பிப் பார்த்தால் மண்ணே தெரியவில்லை. இவ்வளவு காலம் திரும்பிப் பார்த்து மண்ணை மட்டுமே பார்த்தவன் நான்.

அப்புறம் விதைப்பு. கையால் தள்ளும் விதைப்பான் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்திருந்தாள். சக்கரத்தைச் சுற்றி இரும்பு மூக்குகள். உருட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு மூக்கும் தழையைத் துளைத்து மண்ணில் இறங்கி, வாயைத் திறந்து ஒரு விதையைப் போட்டுவிட்டு மேலே வருகிறது. அவளும் ராமாத்தாளும் மாறி மாறித் தள்ளிப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

மக்காச்சோளம் முளைத்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. பத்துக்கு எட்டு.

ஆகஸ்ட் 23

சணப்பையும் துளிர்க்கிறது.

படுத்த தண்டு நசுங்கிச் சாக வேண்டும். இங்கே பாதிக்கு மேல் வெட்டுப்பட்டு, நின்ற அடிக்கட்டையில் பக்கத்துக்கு இரண்டு கிளையாகக் கிளம்பியிருக்கிறது. இரண்டு நாள் தூறல் வேறு. சோளத்தைவிட அது வேகமாக வருகிறது.

ஆகஸ்ட் 26

துளசி விடிந்ததிலிருந்து அரிவாளோடு காட்டில் இருக்கிறாள். அறுக்க அறுக்க இன்னும் தழைக்கிறது. பயிற்சி கொடுத்தவர்களுக்கு போன் செய்து கேட்டாள். பூவெடுக்கும் முன்பே சாய்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் பட்டை கூராக இருந்து வெட்டியிருக்கும், நசுக்கினால் சாகும், வெட்டினால் துளிர்க்கும் என்றார்களாம்.

நேரே வாசலுக்கு வந்து உருளையின் பக்கத்தில் குந்தினாள். பட்டையில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். விரலில் ரத்தம் வந்தது.

அங்கேயே நின்றபடி பாய்க்கு போன் போட்டாள். மழுங்கலாக வை, மழுங்கலாக வை என்று படித்துப் படித்துச் சொன்னேனே, பொம்பளை சொல்லி நாம் என்ன கேட்பது என்று கூர் வைத்துவிட்டீர்களா என்று கத்தினாள். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஓர் ஆம்பளையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

ஆகஸ்ட் 27

இரண்டு காடு. ஏழு மணி நேரம்.

செப்டம்பர் 4

டிராக்டரின் இழுவைக் கம்பி விரிசல் விட்டுவிட்டது. வேறு பட்டறைக்குப் போகலாம் என்று நினைத்து, கடைசியில் பாயிடமே போனேன். அவர் எப்போதும்போல் ஸ்டூலை எடுத்துப் போட்டார். பயிற்சிக்கு வந்த பெண்கள் நாலு பேர் இதே மாதிரி உருளை கேட்டிருந்தார்களாம். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பற்றவைத்து முடித்து, முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, கடையில வந்த ஆங்கிள அப்படியேதான் வெச்சேன். என் சாணைக்கல்லு அதுல படலீங்க. கல்லு பட்டிருந்தாத் தடம் இருக்கும், நீங்களே பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9

மழை இல்லை. சணப்பை சோளத்துக்கு மேலே போய்விட்டது. இரண்டும் ஒரே ஈரத்துக்கு அடித்துக்கொள்கின்றன. சோளத்தின் அடி இலை மஞ்சள்.

துளசி சரியாகச் சாப்பிடுவதில்லை.

செப்டம்பர் 14

வெள்ளியங்கிரி உழவுக்குச் சொல்ல வந்தான். வந்தவன் சும்மா போகாமல் அவளிடம், "ஏனுங் அத்தே, போர்வை போத்தினதுல சணப்பைக்குக் குளுரே இல்லையாட்ட இருக்குது" என்றான். அவள் சிரித்துக்கொண்டே அவனுக்குக் காப்பி கொடுத்தாள்.

அவன் போன பிறகு சொன்னாள்: "நாளைக்குக் கலப்பையக் கொண்டாந்துருங்க. சணப்பையோட சேத்தி மடக்கிப் போடுங்க. சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

சொல்லிவிட்டு நோட்டை எடுத்து அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள்.

நான் ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 15

ஜூலை பதினான்காம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். டீக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறேன். போனது நிஜம். ஆனால் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் போனேன். பட்டை மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும், கூராக இருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பாயிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றையும் கேட்டேன்.

இருபத்தேழாம் தேதி கிரைண்டரை எடுத்தபோதும் தெரியும். மழுங்கின இரும்பு, வாசல் என்றெல்லாம் டைரியில் எழுதியது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. என் டைரியை வேறு யார் படிக்கப் போகிறார்கள்?

காலையில் கலப்பையை மாட்டிக்கொண்டு போனேன். அவள் முன்னாலேயே போய் வரப்பில் நின்றிருந்தாள், எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்று காட்டுவதற்கு. நான் கலப்பையை இறக்கவில்லை. வண்டியை அணைத்தேன். இறங்கி வந்து சொன்னேன். உருளையைத் தீட்டியது பாய் இல்லை, நான் என்று. வார்த்தை இவ்வளவுதான். இதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

அவள் அந்த வெட்டுப்பட்ட விரலைப் பார்த்தாள். ஆறிவிட்டது.

"எதுக்குங்க?" என்றாள்.

வேரைப் பார்த்த நாளிலிருந்து மனசு சரியில்லை என்றேன். அவள் சொன்னது பலித்துவிட்டால், நான் இத்தனை வருஷம் ஊர் முழுக்கச் செய்துவந்தது என்ன என்று ஆகிவிடும். அது பயமாக இருந்தது என்றேன். அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், ரோட்டோரத்தில். அவள் அழவில்லை. மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"மொதல்ல பாய்கிட்டச் சொல்லுங்க. அந்த மனுசன நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப் போட்டேன். எனக்கு அப்பறம் சொல்லிக்கலாம்."

சொன்னேன். பாய் "சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 16

சணப்பையை அறுத்தால் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் சாகும். வரிசைக்கு நடுவில் டிராக்டர் போகாது. மண்டி போட்டுப் பிடுங்கத் தொடங்கினேன். பிடுங்கியதை அங்கேயே தழை மேல் போட்டேன். பத்து வரிசை.

அவள் அந்தக் கோடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 18

முழங்கால் வீங்கிவிட்டது. உழவுக்குக் கூப்பிட்ட இரண்டு பேரை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஒன்று எழுத வேண்டும். மேலே காய்ந்து கிடக்கும் தழையை விலக்கினால் அடியில் மண் சில்லென்று இருக்கிறது. பத்து நாளாக மழை இல்லை. வெள்ளியங்கிரி காட்டில் மண் வெடித்துக் கிடக்கிறது. நான் உழுத காடு.

செப்டம்பர் 21

இன்று வெள்ளியங்கிரி பைக்கை நிறுத்திவிட்டான். கூட இரண்டு பேர். உழவுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை, இங்கே மண்டி போட்டுக் களை பிடுங்குகிறீர்களா என்று கேட்டான். "அத்தை பேச்சக் கேட்டா இப்புடித்தானுங் மாமா. பொம்பளைக வெவசாயம்" என்றான்.

துளசி நாலு வரிசை தள்ளி இருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஊரில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் ராமாத்தாள் மூலம் மறுநாளே டீக்கடைக்கு வந்திருக்கும்.

எழுந்து நின்றேன். முழங்கால் பிடித்துக்கொண்டதால் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவ பண்ணுனதுல ஒரு தப்பும் இல்லடா. உருளை மழுங்கலாத்தான் இருக்கோணும். கூர் வெச்சுக் கெடுத்தது நான். வேணும்னுதான் வெச்சேன்" என்றேன்.

வெள்ளியங்கிரி சிரிக்கலாமா என்று பார்த்தான். அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

"தண்ணி குடிச்சுப் போட்டு அந்த வரிசைய முடிங்க" என்றாள் துளசி. ஆறு நாளில் என்னிடம் பேசியது அதுதான்.

செப்டம்பர் 26

பிடுங்கி முடித்தோம். மேற்கு மூலையில் கொஞ்சம் பயிர் தேறாது.

அக்டோபர் 12

நல்ல மழை. சோளம் திரும்பிக்கொண்டது. கரும்பச்சை.

உருளையின் பட்டையை அரத்தால் தேய்த்து மழுக்குகிறேன். கிரைண்டரில் போட்டால் அரை மணி நேர வேலை. அரத்தில் மூன்று நாள் ஆகும் போலிருக்கிறது. ஆகட்டும்.

நவம்பர் 28

கதிர் ஒடித்தோம். பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? வெள்ளியங்கிரி காட்டைவிடக் குறைவுதான். மணி நன்றாகத் திரண்டிருக்கிறது. ஆனால் நாலில் ஒரு பங்கு பயிர் செப்டம்பரிலேயே போய்விட்டது. மூட்டைகளை அடுக்கிவிட்டு இரண்டு பேரும் களத்தில் உட்கார்ந்தோம். பேச்சுப்படி காடு இனி என் கலப்பைக்கு. நானாக எடுக்கக் கூடாத பேச்சு அது. எடுக்காமல் இருந்தேன்.

அவளே எடுத்தாள்.

"இந்த வருசம் கணக்குல சேத்தி இல்லீங்க. அடுத்த ஆடிக்கு மறுபடியும் போடறேன். உருளைய நீங்கதான் இழுக்கோணும், உங்களாட்ட நேரா ஓட்டறதுக்கு வேற ஆளில்ல."

சரி என்றேன். சந்தோஷமாக இருந்தது. அடுத்தது சொல்வதற்கு முன்னால் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா அதுவரைக்கும் உருளை நம்ம வாசல்ல கெடக்க வேண்டாமுங்க. பாய் பட்டறையில இருக்கட்டும்."

மழுக்கிவிட்டேனே என்ற சொல் வாய்வரை வந்தது.

நவம்பர் 29

நான்தான் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனேன். பாயும் நானும் சேர்ந்து உருட்டிப் பட்டறையின் பின்பக்கம் இறக்கினோம். அவர் பட்டையில் விரலை ஓட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. அம்மிணி வெள்ளிக்கிழமை டவுனுக்கு வருவாள், அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.